தீக்குச்சியின் தலை எந்தப் பக்கம்

நைல் நதி எங்கே பிறக்கிறது, அமேசான் எத்தனை நாட்டு மழையைச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகிறது என்பதெல்லாம் கரீமாவுக்குத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் போன மிக நீண்ட பஸ் பயணம், கோலா சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும்தான். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தபோது கூடப் படித்தவர்கள் கேமரன் மலைக்கும் கிழக்குக் கரைக்கும் கள ஆய்வு என்று கிளம்புவார்கள். கரீமா பையைத் தூக்கிக்கொண்டு அத்தாவின் கடைக்குக் கிளம்புவாள்.

"தொண்டியிலேருந்து நான் கப்பலேறி வந்த தூரம் நம்ம குடும்பத்துக்கே போதும்லா," என்பார் அத்தா பாவா. "இனிமே நம்ம ஆளுங்க உட்கார்ந்து சாப்பிடட்டும்."

உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வாடிக்கையாளர்கள்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில் வீட்டு ஆள் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அத்தா கல்லாவில் நிற்பார். அம்மா பின்கட்டில் மீன் கறிக்கு நிற்பாள். தேநீர் போடும் கனி மாமா, சுவரைப் பார்த்து வைத்த அண்டாவுக்கு முன்னால், கடை முழுவதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அப்படி நின்றே கனி அத்தனை மேசைக்கும் கணக்குத் தவறாமல் தேநீர் அனுப்புவார். பரிமாறுகிறவர்கள் கூவுவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையால் ஒரு சாசரை எடுத்து வரிசையில் வைப்பார். சாசரில் கரண்டி மல்லாந்து கிடந்தால் பால் விட்ட தே, குப்புறக் கிடந்தால் பால் இல்லாத தே ஓ. பக்கத்தில் ஒரு தீக்குச்சி கிடந்தால் சீனி குறைவு. சாசர் மேல் சாசர் ஏறினால் பையில் கட்டிக் கொடுக்க வேண்டியது. கிள்ளான் பஸ்ஸும் கோலாலம்பூர் பஸ்ஸும் ஒன்றாக வந்து நிற்கும் நேரத்தில் அந்த வரிசை அண்டாவிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் நீண்டுவிடும். காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. பள்ளி விட்டு வந்த கரீமா பால் டின் பெட்டி மேல் ஏறி நின்று சாசர்களை நேராக்கிக் கொடுப்பாள். எழுத்துப் படிப்பதற்கு முன்னாலேயே அவள் படித்தது அந்த வரிசையைத்தான். அதை ஒரு படிப்பு என்று அவள் நினைக்கவில்லை. கடை வேலை, அவ்வளவுதான்.

எண்பத்து நான்கில் அவளுக்கு ஊரிலேயே ஓர் இடைநிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. அத்தாவுக்குச் சந்தோஷம். கரீமா அன்று இரவு தன் அறைச் சுவரில் உலக வரைபடத்தை ஆணியடித்து மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டாள்.

அவளுக்குக் கொடுத்த வகுப்பு நான்காம் படிவக் கலைப் பிரிவில், மதிப்பெண் குறைந்த பதினாறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் போட்ட கடைசி வகுப்பு. சுங்கை பஞ்சாங் வயற்காட்டிலிருந்து வரும் மலாய்ப் பிள்ளைகள் கொஞ்சம், கடற்கரைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம், டவுன் பிள்ளைகள் மீதி. மலாய் மொழியில் பாடம். கரும்பலகையில் அவள் எழுதிப் போட்ட குறிப்பை எல்லாரும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல வகுப்பு என்றுதான் நினைத்தாள்.

முதல் சோதனையில் குட்டு வெளிப்பட்டது. ஆற்று வெள்ளம் பற்றி அவள் கேட்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பதிலை வரி பிசகாமல் எழுதியிருந்தார்கள். அது ரப்பர் பயிருக்கான குறிப்பு. பத்தியின் கடைசியில், அவள் குறிப்பில் இருந்தபடியே, "படம் 4.2 காண்க" என்றும் எழுதியிருந்தார்கள். விடைத்தாளில் எந்தப் படமும் இல்லை.

"வீரன், எந்தப் படத்தைப்பா நான் பார்க்கணும்?" என்று வகுப்பு முடிந்ததும் ஒரு பையனைக் கேட்டாள்.

வீரன் யோசித்தான். "தெரியல டீச்சர். ஆனா அது வரும் டீச்சர், கடைசியில."

அவனுக்குப் பின்னால் நின்ற தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அதையேதான் எழுதியிருந்தாள்.

தோட்டத்துக்குப் போகும் பஸ் மதியத்தோடு சரி. பாடம் நீண்டால் பிள்ளைகள் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த லோரியை ஓட்டியவர் வீரனின் அப்பா இருசப்பன். அவர் குலையை மில்லில் இறக்கிவிட்டு, பாவா கடையில் ஒரு தே குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அதனால் பிள்ளைகள் கடை வாசலிலேயே நிற்பார்கள். வெயிலில் நிற்கிறார்களே என்று கரீமா உள்ளே கூப்பிட்டு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் யாரும் விரும்பி உட்காராத மேசையில் உட்கார வைத்தாள்.

ஒரு நாள் அந்த மேசையிலிருந்து தங்கமணி சொன்னாள்: "டீச்சர், வாசல் மேசைக்காரருக்கு இன்னும் போகல பாருங்க. அவரு தே ஓ, சீனி கம்மி."

கரீமா திரும்பிப் பார்த்தாள். வரிசையில் மூன்றாவது சாசர். கரண்டி குப்புற, பக்கத்தில் தீக்குச்சி. வாசல் மேசைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"யாரும் சொல்லல டீச்சர். தினமும் இங்கதானே உட்கார்ந்திருக்கோம், பார்த்தாத் தெரியுதில்ல?"

"அந்தக் கடைசி சாசர்?"

"கட்டிக் குடுக்குறது. பால் தே," என்றான் வீரன், ஏதோ தன் பெயரைச் சொல்வதுபோல.

ஒரு பத்தியின் பொருளை மனத்தில் நிறுத்த முடியாத பிள்ளைகள் ஒரு கடையின் மதிய நேரத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். கரீமா எழுந்து போய்க் காலியான சாசர்களில் ஓர் அடுக்கை அள்ளிக்கொண்டு வந்தாள். கனி திரும்பிப் பார்க்காமலே, "எண்ணி வச்சிருக்கேன்," என்றார்.

அன்று மேசையில் ஒரு சாசரில் உப்பை வைத்தாள். இது கடல். இன்னொன்றில் இருசப்பன் லோரியிலிருந்து உதிர்ந்த ஒரு செம்பனைப் பழம். இது தோட்டம். இடையில் ஒரு தீக்குச்சி.

"தீக்குச்சியோட தலை எந்தப் பக்கம் பார்க்குதோ, அதுதான் நடக்கிறது. வால் பக்கம் இருக்கிறது அதுக்குக் காரணம். இப்ப, உப்புத் தண்ணி தோட்டத்துக்குள்ள வந்தா என்ன ஆகும்?"

"வேர் அழுகும்," என்றாள் தங்கமணி. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஓடும் 'பண்டு' என்ற மண் கரையின் மேல்தான் அவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள்.

"அதனால?"

"அதனாலதான் பண்டு போட்டான்."

"பண்டு போட்டா கடல் வராது. சரி. மழைத் தண்ணி எப்படி வெளிய போகும்?"

வீரன் ஒரு சாசரை இழுத்தான். அதில் தண்ணீர் ஊற்றினான். இன்னொரு சாசரை எடுத்தான். வடிகால், கதவு, கடல் இறங்கினால் கதவு திறக்கும், ஏறினால் மூடிக்கொள்ளும். தீக்குச்சிகள் பரவின. ஒரு தீக்குச்சியின் தலை எந்தப் பக்கம் என்று வீரனுக்கும் தங்கமணிக்கும் சண்டை வந்தது. தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் தண்ணீர் ஏறுவது மழையாலா, கதவு மூடியதாலா?

"ரெண்டும் வரணும்லா," என்றாள் தங்கமணி. "மழை மட்டும் பெஞ்சா எங்க வீட்டுக்குள்ள வராது. கடல் ஏறின நேரத்துல மழை பெஞ்சாத்தான் வரும். ரெண்டு குச்சி போடு, ஒரே எடத்துல முட்டணும்."

கரீமா மேசைப் பக்கம் குனிந்தாள். இரண்டு தீக்குச்சித் தலைகள் ஒரே சாசரில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் இதை அவள் புரிந்துகொள்ள ஒரு பருவம் ஆகியிருந்தது.

சில வாரங்களில் அந்த மேசை நிரம்பிவிட்டது. சுங்கை பஞ்சாங்கிலிருந்து வரும் ரோஸ்னா என்ற பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். அவள் ஊரில் கால்வாய் தண்ணீரை உள்ளே கொண்டுவருகிறது, இவர்கள் ஊரில் வெளியே தள்ளுகிறது. ஒரே தட்டையான மண், ஒரே மழை. நெல்லுக்கு வேண்டியது செம்பனைக்கு வேண்டாம். இரண்டு சாசர்களைப் பாதி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் பொதுவானதை நடுவிலும் வேறானதை ஓரத்திலும் வைத்தார்கள். பிறகு கடையில் சாமான் சுற்றும் பழுப்புத் தாளில் வட்டமும் அம்புமாக அதையே வரைந்தார்கள். அந்தத் தாள்கள் வகுப்பறைச் சுவரில் ஏறின. பக்கத்து வகுப்பார் இவர்களைச் 'சாசர் கிளாஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நிதானமான மனிதர். கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"பிள்ளைகள் குறிப்பு எழுதுவதில்லை என்கிறார்கள். சுவர் முழுக்கப் படம். அரையாண்டுத் தேர்வு வருகிறது. எல்லா வகுப்புத் தாளையும் ஆசிரியர் ரம்லி திருத்தட்டும். உங்கள் வகுப்பு தேறினால் அடுத்த வருடம் ஐந்தாம் படிவத்துக்கும் நீங்களே அவர்களோடு போங்கள். இல்லையென்றால் ரம்லி எடுத்துக்கொள்வார். நீங்கள் ஒன்றாம் படிவத்துக்கு."

கரீமா சரி என்றாள். ரம்லி அந்தப் பள்ளியின் மூத்த புவியியல் ஆசிரியர். நல்லவர். அவர் குறிப்பைத்தான் பள்ளி முழுக்க எழுதினார்கள். அவரிடம் போனால் பிள்ளைகளுக்குக் கேடு ஒன்றும் வந்துவிடாது. அதுதான் அவளை வருத்தியது. கேடு வராது. மறுபடியும் "படம் 4.2 காண்க" என்று எழுதுவார்கள், அவ்வளவுதான். தான் எங்கும் போகாதவள், சரி. இந்த வகுப்போடு மட்டுமாவது கடைசி வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

தேர்வில் கரையோரத் தோட்டங்களுக்கு வடிகால் ஏன் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேள்வித்தாளைப் பார்த்ததும் கரீமாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தாள்.

ரம்லி தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது நேராக அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கரீமா அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்து, கை கழுவும் இடத்து மேசையில் பிரித்தாள்.

தங்கமணியின் தாளில் ஒரு வாக்கியமும் இல்லை. பக்கம் முழுக்க ஓர் அழகான படம். கடல், கரை, கதவு, வடிகால், லயம். இரண்டு அம்புகள் ஒரே வட்டத்தில் முட்டின. ஒரு தவறும் இல்லை. கீழே சிவப்பு மையில் ரம்லியின் கையெழுத்து: "படம் அழகு. விடை எங்கே?" மதிப்பெண் சுழியம். வீரனும் அப்படித்தான், மேசைக்கு வந்த மற்றவர்களும் அப்படித்தான். சாசர் பக்கமே வராத டவுன் பிள்ளைகள் பழைய குறிப்பை எழுதித் தேறியிருந்தார்கள்.

"என்னம்மா?" என்றார் அத்தா கல்லாவிலிருந்து.

"ஒண்ணுமில்லத்தா."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? கனி, அதுக்கு ஒரு தே குடு."

அன்று கடையில் கூட்டம். மைதீன் என்று ஓர் ஆள், அத்தாவுக்குத் தூரத்து உறவு, தொண்டியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. முப்பது வயது, மீசைக்காரர், ஊரில் படகு ஓட்டியவர். பரிமாறும் வேலை புதிது. கனி வரிசையில் வைத்த சாசர் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் இருசப்பன் முன்னால் வைத்தார். சாசரில் கரண்டி குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தீக்குச்சி.

இருசப்பன் அதையே பார்த்தார். பிறகு மைதீனைப் பார்த்தார்.

"பாய், இது என்னா?"

"நீங்க கேட்டதுங்க. தே ஓ, சீனி கம்மி. நானும் கத்துக்கிட்டேன்ல," என்றார் மைதீன் பெருமையாக.

"சரிதான். எழுதிவச்சதெல்லாம் சரியாத்தான் இருக்கு. குடிக்கிறது எது? தீக்குச்சியவா, கரண்டியவா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். கனி முதல் தடவையாக அண்டாவை விட்டுத் திரும்பினார். "யோவ் மாப்பிள்ளை, அது எனக்குய்யா. எனக்கு! அவருக்குத் தே."

கரீமா சிரிக்கவில்லை. கையில் தங்கமணியின் தாள் இருந்தது. அதைப் பார்த்தாள், இருசப்பன் முன்னால் கிடந்த சாசரைப் பார்த்தாள். தான் செய்தது இதுதான். சாசரை அடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதையே தட்டில் வைத்துத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறாள். வந்தவர் கேட்டது தே. கனி மாமாவின் வரிசை தே போடுகிறவருக்கு, வாடிக்கையாளருக்கு அல்ல. இத்தனை வருடம் பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தவளுக்கு அது தெரியாமலா போனது? தெரிந்ததுதான். ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் கண்ணில் படவில்லை.

மறுநாள் ரம்லியிடம் போனாள். பழியைப் பிள்ளைகள் மேல் போடவில்லை.

"படத்தோட நிறுத்தினது நான். வாக்கியமாக்கச் சொல்லித் தரல. ஒரே ஒரு கேள்வி, நீங்களே போடுங்க, அவங்க பார்க்காத கேள்வி. இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு. அதுலயும் வரலேன்னா வகுப்பை நீங்க எடுத்துக்குங்க."

ரம்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையைச் சொல்லட்டுமா கரீமா? அந்தப் படங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிலும் தவறில்லை. என் வகுப்பில் இரண்டு காரணம் ஒன்றாகச் சேர வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. ஆனால் பெரிய தேர்வில் திருத்துகிறவர் என்னைப்போல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன்."

அந்த வாரமே மேசையில் புதிய சட்டம் வந்தது. ஒருவர் சாசரை அடுக்க வேண்டும். இன்னொருவர் கனி மாமாவைப்போல முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அடுக்கியவர் தான் அடுக்கியதை வாயால் சொல்ல வேண்டும், முழு வாக்கியமாக, மலாயில். முதுகைக் காட்டியவர் கேட்டதை மட்டும் வைத்துத் தன் மேசையில் அடுக்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றுபோல் இல்லையென்றால் சொன்னதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

முதல் நாள் எதுவும் ஒன்றுபோல் வரவில்லை.

"மழை. வடிகால். கதவு. வெள்ளம்," என்றான் வீரன்.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தங்கமணி நான்கு சாசரையும் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். "குச்சி போடு," என்றான் வீரன்.

"எங்க போட? நீ சொல்லவே இல்லையே. மார்க்கெட்டுல சாமான் பேரு சொல்ற மாதிரி சொல்றே."

ஒவ்வொரு தீக்குச்சிக்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது. அதனால், ஏனென்றால், அந்த நேரத்தில் மட்டும், ஒருவேளை. அவற்றுக்கான மலாய்ச் சொற்களைக் கரீமா தனியாகச் சொல்லித் தரவில்லை. குச்சி எங்கே போகிறது என்று தங்கமணி முதுகைக் காட்டியபடியே கத்தக் கத்த, வீரன் தேடி எடுத்துக்கொண்டான். ரோஸ்னாவிடம் கேட்டான், பக்கத்து மேசையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த தபால்காரரிடமும் கேட்டான்.

ஒரு நாள் தங்கமணி வரவில்லை. இருசப்பனே முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சொல்லுடா. அப்பன்னு பாக்காத."

வீரன் சொன்னான். இருசப்பன் மெதுவாக அடுக்கினார். பாதியில் கை நின்றது.

"தண்ணி எங்க போச்சு?"

"வடிகால்ல போச்சுப்பா."

"வடிகால்ல போயி? நிக்குதா, ஓடுதா? கடல் ஏறியிருக்குன்னியா, எறங்கியிருக்குன்னியா? நீ சொல்லல. நான் குச்சிய வைக்க மாட்டேன்."

"உங்களுக்குத்தான் தெரியுமேப்பா. அந்த ரோட்டுலதானே லோரி ஓட்டுறீங்க."

"எனக்குத் தெரியும். ஆனா இங்க உட்கார்ந்திருக்கிறது நான் இல்லடா, அந்த ரம்லி வாத்தியாரு. அவருக்கு நீ சொன்னாத்தான் தெரியும்."

கனி அண்டாவுக்கு முன்னால் நின்றபடி தலையாட்டிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை.

பேசியது சரியாக வந்த பிறகுதான் எழுத விட்டாள். எழுதுவதற்கும் அதே முறை. கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள், இடையே அம்புகள். பிறகு ஒவ்வொரு அம்பையும் ஒரு வாக்கியமாக்கிவிட்டு, அந்த அம்பை அடித்துவிட வேண்டும். எல்லா அம்பும் அடிபட்டுப் போனால் விடை முடிந்தது என்று பொருள். தே மேசைக்குப் போனதும் கனி சாசரைக் காலி செய்து அடுக்கில் போடுவதைப்போல.

ரம்லி குறித்த நாளில் அவரே வந்து கரும்பலகையில் கேள்வியை எழுதினார். ஆற்றின் மேற்பகுதியில் காட்டை அழித்தால், ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் மீனவருக்கு என்ன நேரும்? விளக்குக.

கரீமா பின்வரிசையில் நின்றாள். அவள் இந்தக் கேள்வியைச் சொல்லித் தரவில்லை. புத்தகத்திலும் இப்படி ஒரு பத்தி கிடையாது. மனப்பாடம் செய்த டவுன் பிள்ளைகள் பேனாவைக் கடித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் கொஞ்ச நேரம் எழுதவில்லை. தங்கமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள். மரம். இன்னொரு வட்டம். மண். கரீமாவுக்கு அது எட்ட இருந்து தெரிந்தது. மூன்றாவது வட்டத்தில் என்ன எழுதினாள் என்று தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த பழுப்புத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்ததும் ரம்லி தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முடிவு வர இரண்டு நாளாயிற்று. ஆசிரியர் அறையில் ரம்லி அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துத் தங்கமணியின் தாளைத் தானே வாசித்துக் காட்டினார். காடு போனால் மழை நேராக மண்ணில் விழும். அதனால் மண் ஆற்றில் இறங்கும். ஆறு வேகமாக ஓடும் இடத்தில் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும், கடலுக்குப் பக்கத்தில் வேகம் குறைவதால் அங்கே போட்டுவிடும். ஒவ்வொரு வருடமும் அங்கே ஆழம் குறையும். ஆனால் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மீனவருக்கு இது தெரியாது. இறங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் படகு தரை தட்டும். ஆகவே அவர் கடலின் நேரம் பார்த்துத்தான் திரும்ப வேண்டும், மீன் பிடித்துவிட்டால்கூட.

"மீன் பிடித்துவிட்டால்கூட," என்று ரம்லி இன்னொரு தடவை வாசித்தார். ஓரத்தில் எல்லா அம்புகளும் ஒன்றுவிடாமல் அடிக்கப்பட்டிருந்தன.

எல்லாரும் அப்படி எழுதிவிடவில்லை. மேசைக்கு வந்தவர்களில் சிலர் பாதியில் நின்றிருந்தார்கள். ஒரு பையன் மீனவரை மறந்து காட்டையே கட்டிக்கொண்டு அழுதிருந்தான். வீரன் நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால் நடுவில் ஓரிடத்தில், "மூன்றாவது சாசரில் உள்ளபடி" என்று எழுதியிருந்தான். ரம்லி அதன் கீழே கோடு போட்டு ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார்.

"அது என்ன சாசர்?" என்றார்.

"அது வேற கதை சார். ஒரு நாள் கடைக்கு வாங்க."

"வகுப்பு உங்களுடையதுதான். தலைமையாசிரியர் சொல்லச் சொன்னார். சுவரில் இருக்கும் தாள்களையும் எடுக்க வேண்டாமாம். ஆனால் பக்கத்தில் ஒரு வாக்கியமாவது எழுதி ஒட்டச் சொன்னார்."

கரீமா நன்றி சொன்னாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு வரும்போது வெயில் இறங்கியிருந்தது. ஆற்றுப் பாலத்துக்குக் கீழே கடல் இறங்கும் நேரம். சேறு தெரிய, படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவள் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த ஆறு. அந்தச் சேறு எந்த மலையிலிருந்து வந்தது என்று இன்றுதான் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கையெழுத்தில் வாசித்திருக்கிறாள். போகாத ஊர்களைப் பற்றி அப்போது அவளுக்கு நினைப்பு வரவில்லை.

கடையில் இருசப்பனும் பிள்ளைகளும் ஏற்கெனவே இருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தங்கமணி, "சொல்லுங்க டீச்சர். முழு வாக்கியமா," என்றாள்.

"அடுத்த வருசமும் நான்தான் உங்களுக்குப் பாடம் எடுப்பேன், ஏன்னா நீங்க எழுதிட்டீங்க," என்றாள் கரீமா. "வீரன், உனக்கு ஒரு மார்க்கு போச்சு."

"எதுக்கு டீச்சர்?"

"சாசருக்கு."

இருசப்பன் மேசையில் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி. மைதீன் பாய்கிட்ட வேலைக்குச் சேருடா."

கனி வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். கரீமாவுக்கு எப்போதும் சீனி குறைவு. அவள் வந்தால் யாரும் சொல்லாமலே ஒரு சாசரும் கரண்டியும் தீக்குச்சியும் வரிசையில் ஏறும். அன்று சாசரும் கரண்டியும் மட்டும் ஏறின. கை தீக்குச்சிப் பெட்டிப் பக்கம் போகவில்லை. மைதீன் சாசரைப் பார்த்தார், ஒன்றும் எடுக்காமல் காத்திருந்தார், கிளாஸ் வந்த பிறகே அதைத் தட்டில் ஏற்றினார். கடைக்கு நடுவில் வந்து நின்று, பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும்படி கூவினார்:

"கரீமா டீச்சருக்கு ஒரு பால் தே. இன்னைக்குச் சீனி குறைக்காம!"